ஒரே சுருக்கம், மூன்று துறை: தொழில்நுட்பச் சுருக்கங்களைத் தப்பில்லாமல் படிக்கவும் எழுதவும் ஒரு முழு வழிகாட்டி

சில்லுத் தயாரிப்பு பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். சிலிக்கான் தட்டை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் முன் ஹெச்எஃப்பில் முக்கி எடுக்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்கு முந்தைய மாதம் முழுக்க வானொலிக் கருவிகளின் கையேடுகளோடு கிடந்தவன் நான். கை தானாக "உயர் அதிர்வெண்ணில் முக்கி எடுக்கவும்" என்று அடித்துவிட்டது. சரிபார்த்தவர் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் "எப்படி முக்குவது?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

அங்கே ஹெச்எஃப் என்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். சிலிக்கான் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கரைத்தெடுப்பது அதன் வேலை. கண்ணாடியையே அரிக்கக்கூடியது. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் போகலாம். உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அதைப் புழங்கும் இடங்களில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எட்டும் தூரத்தில் இருக்கும். இப்படிப்பட்ட ஒன்றை ரேடியோ அலையாக மாற்றி வைத்திருந்தேன். அதே கையேட்டில் நாலைந்து பக்கம் தள்ளி இன்னொரு ஹெச்எஃப் வந்தது. அதில் இரண்டாவது எழுத்து சிறியது. அது ஹாஃப்னியம், அணு எண் 72. 2007-இல் 45 நானோமீட்டர் சில்லுகள் வந்தபோது டிரான்சிஸ்டரின் கேட் என்ற மின்முனைக்குக் கீழே காப்புப் படலமாக உள்ளே நுழைந்த தனிமம்.

ஆக அமிலம், தனிமம், 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை என்று மூன்றுக்கும் தமிழில் ஒரே எழுத்து. அந்த வட்டத்துக்குப் பிறகு ஒரு முறையை வைத்துக்கொண்டேன். கையேடு மொழிபெயர்ப்பவர்கள், பாடம் எழுதுபவர்கள், வேதியியல், எலெக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்பு என்ற மூன்று துறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்கள் எல்லாருக்கும் அது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலத்தில் இருப்பவை 26 எழுத்துகள். இரண்டெழுத்துச் சுருக்கம் மொத்தமே 676 தான் அமையும். மூன்றெழுத்து என்றால் 17,576. வேதியியலில் பதிவான சேர்மங்களோ கோடிக்கணக்கில். ஆய்வகத்தில் பெயர் வைத்தவர் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பெயர் வைத்தவரைக் கேட்டு வைக்கவில்லை. இடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படி 1: மூலத்தில் எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறது?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆங்கிலச் சுருக்கத்தில் பாதி அர்த்தம் அந்தப் பேதத்தில்தான் இருக்கிறது. ஆகவே தமிழில் எழுதியதை வைத்து முடிவுக்கு வராமல், மூலப் பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவைப் பாருங்கள்.

"சிஓ" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெரிய எழுத்தானால் கார்பன் மோனாக்சைடு. இரண்டாவது சிறியதானால் கோபால்ட். தொலைபேசி ஆவணத்தில் இரண்டும் பெரியதாக வந்தால் சென்ட்ரல் ஆபீஸ், அதாவது சந்தாதாரர்களின் இணைப்புகள் வந்து சேரும் எக்ஸ்சேஞ்ச். எழுத்தளவு கோபால்டைப் பிரித்துக் கொடுத்துவிடும். மற்ற இரண்டையும் பிரிக்க அடுத்த படிகள் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த மூவர் ஏஎம், எஃப்எம், பிஎம். வானொலிக்காரருக்கு வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம், கட்டப் பண்பேற்றம். இரண்டாவது எழுத்தைச் சிறியதாக்கினால் மூன்றும் தனிமங்கள்: அமெரிசியம் 95, ஃபெர்மியம் 100, புரோமெத்தியம் 61. மூன்றுமே கதிரியக்கத் தனிமங்கள். அதில் அமெரிசியம்-241 சில வகைப் புகை உணர்விகளுக்குள் துளியூண்டு இருக்கிறது. ஆக ஒரு புகை உணர்வியின் விவரத்தாளில் ஏஎம் என்று வந்தால் வானொலிப் பக்கம் ஓட வேண்டியதில்லை.

எழுத்தளவில் தப்பினால் விளைவு பெரிதாகும் இடம் அலகுகள். வாட்டுக்கு முன்னால் சின்ன எம் வந்தால் மில்லி, பெரிய எம் வந்தால் மெகா. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. தமிழில் "எம்டபிள்யூ" என்று எழுதி வைத்தால் ஒரு லேசர் சுட்டியும் ஒரு மின் நிலையமும் ஒன்றாகிவிடும். அதனால் என் பழக்கம்: அலகை ஒருபோதும் எழுத்தெழுத்தாக ஒலிபெயர்ப்பதில்லை. மில்லிவாட், மெகாவாட் என்று முழுதாகவே எழுதிவிடுவேன். இடம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பொறியியல் வரைபடங்களில் எல்லாமே பெரிய எழுத்தில் இருக்கும். பழைய டெலிபிரிண்டர் தாள்களும் அப்படியே. அங்கே எழுத்தளவு சாட்சி சொல்லாது. இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டியதுதான்.

படி 2: வினைச்சொல்லைக் கேளுங்கள்

அந்த "எப்படி முக்குவது?" என்ற கேள்விதான் இந்தப் படி. வாக்கியத்தில் சுருக்கத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஊற்றுகிறார்களா, அளக்கிறார்களா, மாட்டுகிறார்களா, அனுப்புகிறார்களா? ஊற்ற முடிந்தால் அது பொருள். மாட்ட முடிந்தால் பாகம். அனுப்ப முடிந்தால் சிக்னலோ டேட்டாவோ. "முறையில்" என்ற சொல் ஒட்டி வந்தால் ஆய்வு நுட்பம்.

எல்சியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வேதியியலில் எல்சி என்பது திரவக் குரோமட்டோகிராஃபி, கலவையைப் பிரித்தறியும் முறை. எலெக்ட்ரானிக்ஸில் மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் சுற்று. தகவல்தொடர்பில், ஒளியிழையான ஃபைபரின் நுனியில் மாட்டும் சின்ன கனெக்டர். அதற்குள் இருக்கும் பீங்கான் குழல் 1.25 மில்லிமீட்டர் விட்டம்தான், எஸ்சி என்ற இன்னொரு வகைக் கனெக்டரில் இருப்பதில் சரிபாதி. "எல்சியை டியூன் செய்க" என்றால் சுற்று. "எல்சியைச் செருகுக" என்றால் கனெக்டர். சரி, "எல்சியைச் சுத்தம் செய்க" என்றால்?

இங்கே வினை மட்டும் போதாது. திரவக் குரோமட்டோகிராஃபியின் குழாயையும் சுத்தம் செய்வார்கள், ஃபைபர் கனெக்டரையும் சுத்தம் செய்வார்கள். அப்போது எதைக் கொண்டு என்று தேடுங்கள். கரைப்பான் ஒன்றைச் சொல்லி, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் வீதம் அரை மணி நேரம் ஓட விடு என்றால் ஆய்வகம். பிசிறில்லாத துணி, நுனியைத் தொடாதே, லேசர் ஓடும்போது உள்ளே பார்க்காதே என்றால் ஃபைபர். கருவியும் எச்சரிக்கையும் துறையைச் சொல்லிவிடும். எச்சரிக்கை வரிகளைப் பலர் தாவிப் போவார்கள். எனக்கு அவைதான் முதல் துப்பு.

ஆர்எஃப்புக்கும் இதே வழிதான். ஆர்எஃப்பைக் "கணக்கிடு" என்று சொல்லி விடை 0-க்கும் 1-க்கும் நடுவில் விழுந்தால், மெல்லிய படலக் குரோமட்டோகிராஃபியில் புள்ளி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்தது. ஆர்எஃப்பைக் "கவசமிட்டுத் தடு" என்றால் ரேடியோ அதிர்வெண். ஓம் மதிப்போடு வந்தால் ஆம்ப்ளிஃபையரின் பின்னூட்ட மின்தடை. ருதர்ஃபோர்டியம் என்ற 104-ஆம் தனிமமும் இருக்கிறது, ஆனால் அணுக்கரு ஆய்வுக்கு வெளியே அதைப் பார்க்க மாட்டீர்கள்.

படி 3: பக்கத்தில் நிற்கும் எண்ணும் அலகும்

வினை கைவிட்டால் எண் காப்பாற்றும். எண் முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, முன்னே கூட்டல்-கழித்தல் குறி இருக்கிறதா என்பதுகூடத் தகவல்தான்.

"20 பிபிஎம்" என்று ஒரு வரி. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம். குவார்ட்ஸ் படிகத்தின் விவரத்தாளில் முன்னே கூட்டல்-கழித்தல் குறியோடு வந்தால் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகலாம் என்று பொருள். நாளுக்கு 86,400 நொடி. அதில் பத்து லட்சத்துக்கு 20 என்றால் சுமார் 1.7 நொடி. இந்தக் கணக்கில் கைக்கடிகாரம் மாதத்துக்குச் சுமார் 50 நொடி முன்னே பின்னே ஓடலாம். பிரிண்டர் அட்டைப்பெட்டியின் மேல் என்றால் நிமிடத்துக்கு 20 பக்கம். காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் 7.26 பிபிஎம் என்று தசமத்தோடு வந்தால் அது செறிவே அல்ல. குளோரோஃபார்ம் கரைப்பானின் சிகரம் நிற்கும் இடம். எண்ணே இல்லாமல், ரிமோட் விமானக் கட்டுப்பாட்டுக் கருவியில் வெறுமனே பிபிஎம் என்றிருந்தால் துடிப்பு நிலைப் பண்பேற்றம்.

இதில் ஒரு சுவாரசியம்: முதல் இரண்டும் கணிதப்படி ஒன்றேதான், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு. எதன் பங்கு என்பதுதான் மாறுகிறது. அதனால் "பத்து லட்சத்தில் 20 பங்கு" என்று விரித்து எழுதினாலும் வாசகருக்குத் தெளிவு வந்துவிடாது. எதில் எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய எழுத்து எம்டபிள்யூவுக்கு நாலு முகம். எண் முன்னால் வந்தால் மெகாவாட். சமக்குறி போட்டு எண் பின்னால் வந்தால் மூலக்கூறு எடை. சமையல் உப்புக்கு 58.44. நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இருந்தால் வானொலியின் மீடியம் வேவ். ஜிகாஹெர்ட்ஸ் என்றால் மைக்ரோவேவ். ஏடிஎம்மும் இப்படித்தான்: 1 ஏடிஎம் 1,01,325 பாஸ்கல் என்றால் வளிமண்டல அழுத்தம், 53 பைட் செல், அதில் 5 பைட் தலைப்பு, 48 பைட் சரக்கு என்றால் ஒரு காலத்துத் தொலைத்தொடர்பு நுட்பம். பணம் எடுக்கும் ஏடிஎம் எல்லாருக்கும் தெரியும்.

எண்ணையும் அலகையும் சேர்த்துப் பார்க்கும் கலையைப் பழக பிஐடியைவிட நல்ல பயிற்சி இல்லை. வாயுக் கசிவைத் தேடுபவர் கையில் இருக்கும் பிஐடி ஒளியயனியாக்க உணர்வி. அதன் புற ஊதா விளக்கு பெரும்பாலும் 10.6 எலெக்ட்ரான் வோல்ட். பென்சீனின் அயனியாக்க ஆற்றல் 9.24, ஆகவே மாட்டிக்கொள்ளும். மீத்தேனுக்கு 12.6, கருவி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வெப்பநிலையைச் சீராக வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பிஐடி என்பது விகிதம், தொகையீடு, வகையீடு மூன்றையும் கலந்து முடிவெடுக்கும் முறை. பக்கத்தில் மூன்று கெழுக்கள் நிற்கும். டிஜிட்டல் ஒளிபரப்பில் 188 பைட் பாக்கெட் ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்டிய 13 பிட் அடையாள எண் பிஐடி. அதனால் 0 முதல் 8,191 வரை வரும். வேதித் தொழிற்சாலையில் குழாய்களையும் அளவுக் கருவிகளையும் காட்டும் வரைபடமும் உண்டு. அதை நடுவில் "அண்ட்" போட்டுப் பி அண்ட் ஐடி என்பார்கள். அவசரத்தில் அந்த "அண்ட்" விழுந்துவிடும். ஒரே தொழிற்சாலையின் கோப்பில் வரைபடம், கட்டுப்பாட்டு முறை, வாயு உணர்வி மூன்றும் பிஐடி என்றே வருவது கற்பனை அல்ல.

எலெக்ட்ரான் வோல்ட் என்றால் உணர்வி, கெழு என்றால் கட்டுப்பாடு, முழு எண் மட்டும் என்றால் பாக்கெட், தாள் எண்ணும் திருத்த எண்ணும் என்றால் வரைபடம். இவ்வளவுதான் சூத்திரம்.

படி 4: "இது இந்தத் துறை ஆவணம்" என்று நம்பி ஏமாறாதீர்கள்

பல வழிகாட்டிகள் இதைத்தான் முதல் அறிவுரையாகச் சொல்லும்: ஆவணம் எந்தத் துறையோ அந்த அர்த்தத்தை எடு. பாதி நேரம் சரிவரும். மீதிப் பாதியில் காலை வாரும். ஏனென்றால் இந்த மூன்று துறையும் ஒரே பொருளுக்குள் குடியிருக்கின்றன. பொருள் என்று ஒன்று இருந்தால் அது ஏதோ ஒரு வேதிப்பொருளால் ஆனது; அதில் மின்சாரம் ஓடும்; இப்போதெல்லாம் டேட்டாவும் ஓடும்.

பிசிபியைப் பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸில் அச்சிட்ட சர்க்யூட் போர்டு. வேதியியலில் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல், குளோரின் அணுக்கள் ஒட்டிய இடத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்து 209 வகை. எளிதில் தீப்பிடிக்காது, மின்சாரம் கசியாமல் நன்றாகத் தடுக்கும் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் மின்தேக்கிகளிலும் பல பத்தாண்டுகள் ஊற்றினார்கள். பிறகுதான் அது மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் சிதையாமல் தங்கிவிடும் நச்சு என்று தெரிந்தது. 2001-இல் கையெழுத்தாகி 2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது. இப்போது பழைய மின்சாதனங்களைக் கழிக்கும் இடத்தின் வழிமுறைத் தாளை நினைத்துப் பாருங்கள். "பிசிபி உள்ளவற்றைத் தனியே வை." போர்டா, எண்ணெயா? இரண்டுமே அங்கே இருக்கின்றன, இரண்டையுமே தனியே வைக்க வேண்டும், ஆனால் ஒன்றைக் கழற்றி எடுக்கலாம், மற்றதை வெறுங்கையால் தொடவே கூடாது. துறை பார்த்து அர்த்தம் எடுப்பவர் இங்கே நிற்க வழியில்லை. படி 2-க்குத் திரும்பி, கசிவு, கலன், பிபிஎம் என்ற சொற்கள் பக்கத்தில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கேபிள் விவரத்தாளில் பிஇ இரண்டு தடவை வரும்: உறை பாலிஎத்திலீன், உள்ளே பச்சை-மஞ்சள் கம்பி பாதுகாப்பு எர்த். அந்தக் கேபிள் போய்ச் சேரும் ரவுட்டரையும் நெட்வொர்க் வரைபடத்தில் பிஇ என்றே போட்டிருப்பார்கள். சேவை தருபவரின் எல்லை ரவுட்டர் அது. பிவிசியும் அப்படி. கேபிள் உறை பாலிவினைல் குளோரைடு, உள்ளே ஓடுவது நிரந்தர மெய்நிகர் இணைப்பு.

கண்காணிப்பு கேமரா அட்டைப்பெட்டியில் "ஐபி கேமரா, ஐபி67" என்று அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். முதல் ஐபி இன்டர்நெட் புரோட்டோகால். இரண்டாவது தூசும் நீரும் புகாமைக்கான தரக்குறியீடு: 6 என்றால் தூசு அறவே புகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். "ஐபியின் பதிப்பு 67" என்று யாராவது எழுதியிருந்தால் சிரிக்காதீர்கள். அது ஹெச்எஃப்பை அலையாக்கிய என் கதையின் உறவுக்காரர்தான்.

ஒரே துறைக்குள்ளும் இடிக்கும். எஸ்டிஎஸ் என்பது சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் 16 பிரிவுகளோடு வரும் பாதுகாப்பு விவரத்தாளும் எஸ்டிஎஸ். ஆக ஆய்வகத்தில் "எஸ்டிஎஸ்ஸின் எஸ்டிஎஸ் எங்கே?" என்பது முற்றிலும் ஒழுங்கான வாக்கியம். எஃப்ஐடியும் வேதியியலுக்குள்ளேயே இரண்டு: வாயுக் குரோமட்டோகிராஃபியின் சுடர் உணர்வி ஒன்று, காந்த ஒத்ததிர்வில் தேய்ந்து மறையும் சிக்னல் இன்னொன்று.

படி 5: விரித்துப் போட்டு வாய்விட்டு வாசியுங்கள்

முடிவெடுத்த விரிவை வாக்கியத்தில் வைத்து ஒரு முறை சத்தமாகப் படியுங்கள். காது பிடித்துக்கொடுத்துவிடும். "டிஎன்எஸ் கரைசலைச் சேர்த்து 540 நானோமீட்டரில் அள" என்பதை "டொமைன் பெயர் அமைப்புக் கரைசல்" என்று வாசித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். அது சர்க்கரை அளக்கும் டைநைட்ரோசாலிசிலிக் அமிலம். அதுபோல "டிஎஸ்சிக்கு 70-ஆம் சேனலைத் திறந்து வை" என்பது வேறுபாட்டு வருடு வெப்ப அளவீடாக இருக்க முடியாது. கப்பல் ரேடியோவில் அபாய அழைப்பு வரும் டிஜிட்டல் தேர்வழைப்பு. இந்தப் படிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் தாவிவிடாதீர்கள்.

படி 6: வேதிப்பொருள் என்று தெரிந்தால் எண்ணைப் பிடியுங்கள்

வேதிப்பொருளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிஏஎஸ் எண் இருக்கிறது, அதாவது கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ் என்ற அமைப்பு தரும் பதிவு எண். பெயர் ஆயிரம் மாறட்டும், எண் மாறாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குரிய எண் 7664-39-3. கடைசி இலக்கம் சோதனை இலக்கம். தப்பாகப் படியெடுத்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கையால் போட்டுப் பார்க்கலாம்: கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே வாருங்கள். 9×1, 3×2, 4×3, 6×4, 6×5, 7×6. அதாவது 9, 6, 12, 24, 30, 42. கூட்டினால் 123. அதன் ஒன்றாம் இலக்கம் 3. எண்ணின் கடைசியிலும் 3. சரியாக இருக்கிறது.

குழப்பத்தைத் தீர்க்க வந்த சிஏஎஸ்ஸுக்கே மூன்று அர்த்தம் என்பதுதான் வேடிக்கை. மெமரி சில்லில் அது நெடுவரிசை முகவரியைக் காட்டும் சிக்னல். ரேம் அட்டையில் "சிஏஎஸ் தாமதம் 16" என்று பார்த்திருப்பீர்கள். தொலைபேசியில் சேனலோடு ஒட்டிய சமிக்ஞை முறை. ஐரோப்பிய வகை இ1 இணைப்பில் அது போகும் இடம் 16-ஆம் நேரத்துண்டு. இரண்டு இடத்திலும் 16 என்பது தற்செயல், ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம் என்பதற்கு நல்ல சாட்சி.

வேதியியலுக்கு வெளியே இந்த மாதிரி எண் வசதி கிடையாது. சொல்லகராதிதான் கதி. வேதியியலுக்கு ஐயூபாக்கின் தங்கப் புத்தகம், மின்னியலுக்கு ஐஇசியின் எலெக்ட்ரோபீடியா, தொலைத்தொடர்புக்கு ஐடியூவின் சொற்றொகுப்பு. அந்தந்தத் துறையின் பன்னாட்டு அமைப்புகள் தரும் இவை மூன்றும் இணையத்தில் இலவசம். பொதுவான சுருக்கத் தளங்கள் ஒரு சுருக்கத்துக்கு நூறு விரிவு கொடுக்கும். அது பதில் ஆகாது, குப்பையைக் கொட்டிக் கிளறச் சொல்வது.

படி 7: தமிழில் எழுதும்போது புதிதாக முளைக்கும் மோதல்கள்

இதுவரை சொன்னவை ஆங்கிலத்திலும் இருக்கும் சிக்கல்கள். தமிழில் எழுதும்போது நாமே சில சிக்கல்களை உண்டாக்குகிறோம். "டைம்" என்பதன் முதல் எழுத்துக்கும் "டேட்டா" என்பதன் முதல் எழுத்துக்கும் தமிழில் ஒரே டி. "பேப்பர்", "பேட்டரி" இரண்டுக்கும் ஒரே பி. ஆங்கிலத்தில் வேறு வேறாக இருப்பவை நம் பக்கம் வந்ததும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் ஆகிவிடுகின்றன.

வயர்லெஸ் சோதனை அறிக்கையில் பிட் பிழை விகிதமும் பாக்கெட் பிழை விகிதமும் ஒரே அட்டவணையில் வரும். தமிழில் இரண்டும் பிஇஆர். ஒன்று லட்சத்தில் ஒரு பங்காகவும் மற்றது நூற்றுக்கு ஒன்றாகவும் இருக்கலாம். படிப்பவர் ஒரே அளவுக்கு எப்படி இரண்டு மதிப்பு என்று தலையைச் சொறிவார். வெப்ப எடைப் பகுப்பாய்வும், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கரைந்த வாயுக்களின் பகுப்பாய்வும் இரண்டுமே டிஜிஏ. 

எல்லாவற்றுக்கும் தலைவன் டிஎம்ஏ. வெப்ப இயந்திரப் பகுப்பாய்வு, இயங்குநிலை இயந்திரப் பகுப்பாய்வு: இரண்டும் ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நிற்கும் கருவிகள். டைமெத்தில்அசெட்டமைடு என்ற கரைப்பான். டிரைமெத்தில்அமீன், அழுகிய மீனின் வாடைக்குக் காரணமானது. டிரைமெத்தில்அலுமினியம், சில்லுத் தயாரிப்பில் மெல்லிய படலம் படியவைக்க உதவுவது. காற்று பட்டதும் தானாகத் தீப்பற்றும். அப்புறம் எலெக்ட்ரானிக்ஸில் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்துக்கு நேரே டேட்டா அனுப்பும் முறை. "டிஎம்ஏவைத் திறக்கவும்" என்று தமிழில் எழுதினால் மென்பொருள் ஜன்னலும் திறக்கலாம், தீயும் பிடிக்கலாம்.

இதற்கு நான் கண்ட வழி: சுருக்கம் முதலில் வரும் இடத்தில் முழுப்பெயரை எழுதி, உடனே "இனி டிஎம்ஏ" என்று அறிவிப்பது எல்லாரும் செய்வது. அதோடு, தமிழில் இரட்டையாகும் சுருக்கமா என்று பார்த்து, ஆமென்றால் அந்த ஆவணத்தில் சுருக்கத்தையே விட்டுவிடுகிறேன். "பிட் பிழை", "பாக்கெட் பிழை" என்றால் நீளம் ஒன்றும் கூடிவிடவில்லை. இரண்டு கருவியும் வரும் அறிக்கையில் "வெப்ப டிஎம்ஏ", "இயங்கு டிஎம்ஏ" என்று ஒரு முன்னொட்டு கொடுத்தாலும் போதும். ஆபத்தான பொருள் என்றால் இந்தச் சலுகையும் கிடையாது; ஒவ்வொரு முறையும் முழுப்பெயர்தான், ஒரே பக்கத்தில் பத்து தடவை வந்தாலும்.

சிலர் தமிழ்ச் சொல்லின் முதலெழுத்துகளை எடுத்துப் புதுச் சுருக்கம் செய்துவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. "கி" என்ற எழுத்து கி.மீ.யில் கிலோ, கி.மு.வில் கிறிஸ்து. கிலோபைட்டைக் கி.பி. என்று ஒருவர் சுருக்கியதைப் பார்த்தேன். "512 கி.பி. கோப்பு" என்று படித்ததும் பல்லவர் கால ஓலைச்சுவடி ஏதோ கிடைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

படி 8: சொந்த அட்டவணை

விரிதாளில் ஐந்து பத்தி போதும்: தமிழ் வடிவம், மூல வடிவம் எழுத்தளவு மாறாமல், விரிவு, துறை, கண்டுபிடித்த துப்பு. கடைசிப் பத்திதான் முக்கியம். "முன்னால் எண் வந்தது", "ஓம் மதிப்பு இருந்தது" என்று இரண்டு சொல் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே சுருக்கம் வந்தால் யோசனை மிச்சம். தமிழ் வடிவத்தால் அகரவரிசைப்படுத்தினால் இரட்டையர்கள் தானாக அடுத்தடுத்து வந்து நிற்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராதவை சில இருக்கும். அப்போது ஊகித்து எழுதாதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள். "டிஎம்ஏ என்றால் என்ன?" என்று கேட்டால் அவருக்கு அது அன்றாடச் சொல், "டிஎம்ஏதான்" என்று பதில் வரும். நான் இப்படிக் கேட்பேன்: "பக்கம் 14, மூன்றாம் வரி. இங்கே கரைப்பானைத் திறக்கச் சொல்கிறீர்களா, அலுமினியச் சேர்மத்தையா? பின்னது என்றால் காற்று படாமல் திறக்கும் முறையை அடுத்த வரியில் சேர்க்கட்டுமா?" இரண்டு விரிவையும் அவர் முன் வைத்து, எது என்றால் என்ன மாறும் என்றும் சொல்லிவிட்டால் பதில் பெரும்பாலும் அன்றே வந்துவிடுகிறது.